வாசகர் கேள்வி பதில்: பருப்பு இருக்க டப்பா எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகன் தாவரப் புரதப் பவுடர் ஒரு டப்பா வாங்கி அனுப்பியிருக்கிறான். பட்டாணிப் புரதமாம். 'செல்களை ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸிலிருந்து பாதுகாக்கும்' என்று மேலே போட்டிருக்கிறது. அது என்ன ஸ்ட்ரெஸ்? நாம் தினம் சாப்பிடுகிற பருப்பில் அது கிடைக்காதா?
ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் ஆச்சி. தாராளமாகக் கிடைக்கும். வந்த டப்பாவை வீணாக்க வேண்டாம், பாலில் கலந்து குடித்துத் தீர்த்துவிடுங்கள். இன்னொன்று அனுப்பச் சொல்லாதீர்கள்.

இந்த ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மனக்கவலைக்கும் சம்பந்தமில்லை. நாம் இழுக்கிற மூச்சிலுள்ள ஆக்சிஜன், செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் சாப்பாட்டைச் சக்தியாக்க உதவுகிறது. அந்த வேலையில் கொஞ்சம் ஆக்சிஜன் அரைகுறையாக மாறி சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று துடுக்கான வடிவங்களாகிவிடும். கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று பக்கத்தில் எது இருந்தாலும் அதைக் கெடுக்கப் பார்க்கும். இந்தத் தொல்லை மிஞ்சிப்போவதுதான் டப்பாவில் போட்டிருக்கிற ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். ஆக்சிஜன் இரும்பை என்ன செய்யும் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் காரைக்குடியில் திறந்தார்களே மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், அங்கே துருப்பிடிப்பைத் தடுப்பது ஒரு பெரிய துறை. உடம்பிலும் ஏறக்குறைய அதே கூத்துதான், ஆனால் இரும்பு மாதிரி உடம்பு பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது.

சூப்பராக்சைடை ஒழிப்பதற்கென்றே நம் செல்லில் ஒரு நொதி இருக்கிறது. அமெரிக்காவில் மெக்கார்டு, ஃபிரிடோவிச் என்ற இருவர் 1969-ல் கண்டுபிடித்துச் சொன்னது அது. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக்க கேட்டலேஸ் என்று இன்னொரு நொதி. இவற்றோடு குளூட்டாதயோன் என்று ஒரு சின்ன மூலக்கூறு, வெறும் மூன்று அமினோ அமிலங்களால் (புரதத்தைக் கட்டுகிற செங்கல்கள் இவைதான்) ஆனது: குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசீன். இதில் சிஸ்டீன்தான் பெரும்பாலும் பற்றாக்குறை. அது சாப்பாட்டிலுள்ள புரதத்திலிருந்து வர வேண்டும், அல்லது மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து உடம்பு செய்துகொள்ள வேண்டும், அந்த மெத்தியோனினும் சாப்பாட்டிலிருந்துதான். ஆக, பருப்புப் புரதம் அப்படியே செல்லுக்குள் போய்ச் சண்டை போடுவதில்லை. வயிற்றிலும் குடலிலும் துண்டுதுண்டாகி, அந்தத் துண்டுகளை வைத்து உடம்பு தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. புரதத்தின் நிச்சயமான உதவி இதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. பருப்பில் லைசீன் என்ற அமினோ அமிலம் ஏராளம், ஆனால் மெத்தியோனினும் சிஸ்டீனும் குறைச்சல், பட்டாணியும் அப்படித்தான். அரிசி இதற்கு நேர் எதிர். இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து அதன் மேல் உளுந்தைக் கோபுரமாக வைப்பீர்களே, அது போதும். உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வறுத்து அரைத்த கும்மாயமும் அப்படியே, கருப்பட்டியையும் நெய்யையும் மட்டும் கொஞ்சம் பார்த்து ஊற்றுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது, 60 கிலோ இருந்தால் 50 கிராம். நூறு கிராம் வேகாத பருப்பில் 22 முதல் 25 கிராம் வரை இருக்கும். மிச்சத்துக்குச் சோறு, மோர், நிலக்கடலை, கறியோ முட்டையோ இருக்கவே இருக்கிறது.

டப்பாக்காரர்கள் சுத்தமாகப் பொய் சொல்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. பட்டாணி, சோயா, உளுந்து புரதத்தை நொதிகளால் வெட்டிக் கிடைக்கும் சின்னச் சின்னத் துண்டுகளுக்கு பெப்டைடு என்று பெயர். ஆய்வகத்தில் வளர்க்கிற செல்கள் மேல் இதை ஊற்றினால் சில பெப்டைடுகள் அந்தத் துடுக்கு ஆக்சிஜனை நேராக அடக்குகின்றன. இன்னும் சில, என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் கீப்1 என்ற இன்னொரு புரதத்தின் பிடியைத் தளர்த்துகின்றன. விடுபட்ட என்.ஆர்.எஃப்.2 செல்லின் உட்கருவுக்குப் போய் குளூட்டாதயோன் செய்கிற ஜீன்களை முடுக்கிவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் ஆய்வகத் தட்டில் ஊற்றிய பெப்டைடு வேறு, வாயில் போட்ட பெப்டைடு வேறு. குடல் பெரும்பாலும் ஒற்றை அமினோ அமிலமாகவும் இரண்டு மூன்று சேர்ந்த துண்டாகவும்தான் உள்ளே விடும். ஆய்வகத்தில் வேலை செய்த அந்த நீளத் துண்டு ரத்தத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை எந்த டப்பாவிலும் போடுவதில்லை.

கேள்வி: தாவரங்களிலும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் உண்டு என்று படித்தேன். முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிட்டால் அந்த நொதிகள் எனக்கு வேலை செய்யுமா?
கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: செய்யாதும்மா. இரைப்பை அமிலத்துக்கு அது பயறு நொதியா கறியா என்றெல்லாம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி குலைத்துவிடும். முளைகட்டுவதில் வேறு லாபம் இருக்கிறது: இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் குறையும், வைட்டமின் சி கூடும். கிருமி பயம் இருந்தால் லேசாக ஆவியில் வேகவையுங்கள், பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் கேள்வியின் இன்னொரு பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் புரதங்கள் யாருக்காக இருக்கின்றன? விதைக்காக. முழுப் பயறைக் காயவைத்துப் பானையில் போட்டு மாசக்கணக்கில் கழித்து நனைத்தாலும் முளைக்கிறதே, அவ்வளவு தண்ணீர் வற்றிய செல் எப்படிச் சிதையாமல் இருந்தது? விதை முற்றும்போது சேர்கிற எல்.இ.ஏ. என்ற புரதங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. முதலில் பருத்தி விதையில்தான் கண்டார்கள், 1981-ல். அப்புறம் ஃபெரிட்டின். பயறு வகைகளில் இரும்பைப் பூட்டி வைக்கும் உருண்டைப் புரதம், ஒன்றுக்குள்ளே 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இரும்பு வெளியே திரிந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற மகா பொல்லாத ஒன்றை உண்டாக்கும். இந்த வேதிவினைக்கு வித்திட்டது ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894-ல் எழுதிய கட்டுரை. பூட்டி வைப்பதே பாதுகாப்பு. நம் உடம்பிலும் ஃபெரிட்டின் இருக்கிறது, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: கவுனி அரிசியின் கறுப்பு நிறம் புரதமா?
கானாடுகாத்தான் வாசகர்

பதில்: இல்லை, அது ஆந்தோசயனின் என்ற நிறமி, தவிட்டில் இருக்கிறது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் கொண்டுவந்த அரிசி என்பார்கள். இரவு ஊறவைத்த தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகிவிடும், அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள்.

கேள்வி: சிறுநீரகக் கோளாறு, டாக்டர் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். செல் கெட்டுப்போகாதா?
பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: டாக்டர் சொன்ன அளவுதான் உங்கள் அளவு, ஐயா. பவுடர் பக்கமே போகாதீர்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறேன் என்று மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரையை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது.

கேள்வி: வீட்டில் தேன்குழல், சீடைக்காய் போட்டு விற்கிறேன். பருப்பு மாவுதானே, உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கலாமா?
ஒரு வாசகி, புதுவயல்

பதில்: ருசி என்று சொல்லி வில்லுங்கள், அதுவே விற்கும். மாவு எவ்வளவு நல்லதானாலும் எண்ணெய் பழசாக இருந்தால் நீங்களே ஆக்சிஜனேறிய கொழுப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று ஆகிவிடும். காறல் வாடை அடித்தால், நுரை அடங்காமல் பொங்கினால், கறுத்துக் கெட்டியானால் அன்றே மாற்றிவிடுங்கள். பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடக் கெடச் சேர்கிற பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. சோதிக்கிற கருவி வீட்டில் இருக்காது, அதனால் மிஞ்சிய எண்ணெயில் புதுசை ஊற்றி ஊற்றி நிரப்புகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.