கிரீஸ் பல்லுக்கு, எண்ணெய் பேரிங்குக்கு: ரீல் பராமரிப்பு கேள்வி-பதில்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எனக்குக் கடிதங்கள் பெருகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அப்போதுதான் பலருக்குப் பரணில் கிடக்கும், தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலின் நினைவு வருகிறது. வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். "அவசரம்" என்று மேலே எழுதியவர்களுக்கு முன்னுரிமை இல்லை.

கடலில் தூண்டில் போட்டு வந்ததும் ரீலை வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைக்கிறேன். சரிதானே? (தூத்துக்குடி)

ஊறப்போட அது உளுந்தா? வாளியில் முக்கினால் உப்புக் கரைந்த தண்ணீர் ரீலின் வயிற்றுக்குள் போய்த் தங்கிவிடும். குழாய் வைத்துப் பீய்ச்சினாலும் அதே கதைதான்; வெளியே ஒட்டிய மணலை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள். பூவாளியால் செடிக்கு விடுவது போல மெல்லிய தூறலாக ஒரு நிமிடம் நல்ல தண்ணீர் விட்டால் போதும். அதற்கு முன் டிராக் (மீன் இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்) குமிழை இறுக்குங்கள், வாஷர்களுக்குள் தண்ணீர் இறங்காது. உதறி, துடைத்து, நிழலில் காயவைத்த பிறகு டிராக்கைத் தளர்த்துங்கள். இறுக்கிக் கழுவுங்கள், தளர்த்தி வையுங்கள். இதை எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை.

பிரெய்டு என்னும் பின்னல் நரம்பு உப்பைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை அதை முழுக்க உருவிவிட்டு, அது சுற்றியிருந்த ஸ்பூலின் அடியைப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது.

என் ரீல் சத்தம் போடுகிறது. என்ன செய்வது? (கடலூர்)

கடிதம் முழுவதும் இவ்வளவுதான். "வலிக்கிறது" என்று மட்டும் எழுதி மருத்துவருக்கு அனுப்புவீர்களா? என்ன ரீல், எத்தனை வருடப் பழசு, கைப்பிடியைச் சுற்றும்போதா, மீன் இழுக்கும்போதா, ஒன்றும் இல்லை. ஊகித்துச் சொல்கிறேன். நரம்பு பாரத்தோடு வரும்போது மட்டும் கீச்சிட்டால் லைன் ரோலர், அதாவது நரம்பு வளைந்து வரும் சிறு உருளை. ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெறுமனே சுற்றினாலே கரகரத்தால் பேரிங் போயிருக்கும், அல்லது மணல் புகுந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "டக்" என்று தட்டினால் பல் உடைந்திருக்கிறது. அதை எந்த எண்ணெயும் குணப்படுத்தாது.

லைன் ரோலரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதன்மேல் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ரீலைச் சுற்றாமல், நரம்பை ரோலரின் மேலாகக் கையால் இழுங்கள். புள்ளி நகராவிட்டால் ரோலர் சிக்கியிருக்கிறது. நாளடைவில் பிரெய்டு அதில் பள்ளம் அறுத்துவிடும்.

அதிகாலையில் கைப்பிடி இறுக்கமாக இருக்கிறது, மதியத்துக்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. பேரிங்கை மாற்ற வேண்டுமா? பின்குறிப்பு: எண்ணெய் தவறாமல் போடுகிறேன், சுத்தமான செக்குத் தேங்காய் எண்ணெய். (கொடைக்கானல்)

விடையைப் பின்குறிப்பில் நீங்களே எழுதிவிட்டீர்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். உங்கள் ஊர்க் காலைக் குளிருக்குக் கேட்கவா வேண்டும்? கீழே சமவெளியில் பெரும்பாலும் உறையாது, ஆனால் நாள்பட்டால் பிசினாகும். செக்கெண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரீலுக்கு ரீல் எண்ணெய். அவசரத்துக்குத் தையல் எந்திர எண்ணெய் பரவாயில்லை.

மாதம் இருமுறை டபிள்யூ.டி.-40 அடிக்கிறேன். கிரீஸ் எதற்கு? (சென்னை, நாகப்பட்டினம், ராமநாதபுரம், இன்னும் சில ஊர்கள்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே திட்டப்போகிறேன்.

அந்த டப்பாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அதை உருவாக்கியவர்கள் தேடியது உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டும் திரவம். 40ஆவது கலவையில் அது கைகூடியது. பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் எண்ணும் அதைத்தான் குறிக்கின்றன. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் காக்க அது பயன்பட்டது. ஏவுகணையின் வெளித்தோலுக்கு அடித்ததை ரீலின் வயிற்றுக்குள் அடிக்கச் சொன்னது யார்?

இப்படிப்பட்ட ஸ்பிரேக்கள் மெல்லியவை. போகும் வழியில் இருக்கும் கிரீஸைக் கரைத்துக்கொண்டே போகும். பிறகு அவையும் ஆவியாகி மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். அடித்த அன்று ரீல் வெண்ணெய் போலச் சுற்றும், ஏமாறுவது அங்கேதான். பல்லோடு பல் அழுந்தும் இடத்தில் அந்தப் படலம் நிற்காது.

தெரிந்தவர் ஒருவர் பழவேற்காட்டில் கொடுவா மீனுக்குப் போகிறவர். ஆறு மாதமே ஆன ரீலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அடிக்காத வாரமே இல்லை" என்றார் பெருமையாக. ஏதோ ஒரு துருநீக்கி ஸ்பிரே. பக்கத் தகட்டைத் திறந்தேன். பல்லில் இருக்க வேண்டிய கிரீஸ் சாம்பல் நிறக் கஞ்சியாக அடியில் தேங்கிக் கிடந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியால் பினியன் என்னும் சிறிய பல்சக்கரத்தைத் துடைத்தேன். பஞ்சில் தங்கப்பொடி போல ஏதோ மினுங்கியது. அவர் அதை என்னவென்று கேட்டார். "உங்கள் பித்தளைப் பல்" என்றேன். ஸ்பிரே அதோடு விடவில்லை, ஸ்பூலுக்குள் கசிந்து டிராக்கின் ஃபெல்ட் வாஷரையும் நனைத்திருந்தது. முந்தின வாரம் நல்ல கொடுவா ஒன்று நிற்காமல் ஓடியதற்குக் காரணம் அதுதான். அவர் அதுவரை நரம்பைத் திட்டிக்கொண்டிருந்தார்.

செய்ய வேண்டியது இதுதான். பல்சக்கரங்களுக்கு உப்புநீரைத் தாங்கும் மரைன் கிரீஸ், துவரம்பருப்பு அளவு, சிறு தூரிகையால் பல்லிடுக்கில் தடவ வேண்டும். ரீலை அதால் நிரப்பக் கூடாது. பேரிங், லைன் ரோலர், கைப்பிடிக் குமிழ், பெயில் (நரம்பைப் பிடித்துச் சுற்றும் கம்பி) மூட்டு ஆகியவற்றுக்கு ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய். டிராக் வாஷருக்கு டிராக் கிரீஸ் தவிர வேறெதுவும் ஆகாது. கிரீஸ் பல்லுக்கு, எண்ணெய் பேரிங்குக்கு. ஸ்பிரே வீட்டுக் கேட்டின் கீலுக்கு.

வாசலின் போடலாமா? (மதுரை)

கூடாது. மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் உருகி ஓடிவிடும்.

நானே சர்வீஸ் செய்தேன். இப்போது கைப்பிடி பின்பக்கமாகவும் சுழல்கிறது. (காரைக்கால்)

ஒருவழி பேரிங்கில் கிரீஸ் அப்பியிருக்கிறீர்கள். அதிலுள்ள உருளைகள் பிடித்து நின்றால்தான் ரீல் பின்னால் போகாது. கழற்றி, ஐசோபிரைல் ஆல்கஹாலில் அலசிக் காயவையுங்கள். எண்ணெய் காட்டினால் போதும், ஊற்ற வேண்டாம்.

டைவா மேக்சீல் ரீல் வைத்திருக்கிறேன். எத்தனை நாளுக்கு ஒரு முறை எண்ணெய் விட வேண்டும்? (சிங்கப்பூர்)

மேக்சீல் இருக்கும் இடத்தில் ஒருபோதும் வேண்டாம். அங்கே காந்தத்தால் நிறுத்திவைத்த எண்ணெய் ஒன்று தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. வேறு எண்ணெயைக் கலந்தால் அந்தத் தடுப்பே கெடும். உள்ளே கோளாறு என்றால் அவர்களுடைய சேவை மையத்துக்கு அனுப்புங்கள்.

பேரிங்கைப் பெட்ரோலில் கழுவலாமா? (விழுப்புரம்)

தனியே கழற்றிய பேரிங் என்றாலும் எனக்குச் சம்மதமில்லை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் உள்ள ரீல் என்றால் கூடவே கூடாது. அடுப்படிப் பக்கம் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம்.

ரீலைக் கழற்றி மாட்டினேன், மூன்று வாஷர் மிச்சம். ஆனாலும் ரீல் சுற்றுகிறது. விட்டுவிடலாமா? (திருநெல்வேலி)

தாராளமாக, ரீலையும் விட்டுவிடுவதாக இருந்தால். காகிதம் போல மெல்லிய அந்த வாஷர்கள்தான் பல்சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளியைச் சரியாக வைத்திருப்பவை. பெரும்பாலும் பேரிங்கின் அடியில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு வந்து, கண்ணுக்குத் தெரியாமல் விழும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுங்கள். கழற்றிய வரிசையிலேயே இட்லித் தட்டின் குழிகளில் வையுங்கள். துளையில்லாத தட்டாக இருக்கட்டும். அது வீட்டில் புழங்காத பழைய தட்டாகவும் இருக்கட்டும். இந்த இரண்டாவது எச்சரிக்கை என் சொந்த அனுபவம். சில மாடல்களில் ரோட்டர் (ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் பாகம்) நட்டு எதிர்ப்புரியாக, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழல்வதாக, இருக்கும். திருகு மசியவில்லை என்றால் பலத்தைக் காட்டும் முன் யோசியுங்கள்.

அலை தள்ளி ரீல் மணலில் விழுந்துவிட்டது. அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், கரகரத்தது. மீண்டும் சுற்றினேன். (கன்னியாகுமரி)

ஏன் ஐயா? முதல் கரகரப்பிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். மணல் புகுந்த ரீலைச் சுற்றுவது அம்மியில் அரைப்பதற்குச் சமம். டிராக்கை இறுக்கி, தூறல் தண்ணீரில் மேல் மணலைக் கழுவி, அன்றிரவே திறந்திருக்க வேண்டும். இப்போதாவது திறங்கள். பழைய கிரீஸ் முழுவதையும் துடைத்தெடுங்கள், மணல் அதில்தான் ஒளிந்திருக்கும். அதன்மேலேயே புதுக் கிரீஸைத் தடவாதீர்கள்.

ஆறு மாதம் பரணில் இருந்த ரீலை எடுத்தேன். டிராக் சீராக விடாமல் வெட்டி வெட்டி இழுக்கிறது. போன முறை நீங்கள் சொன்னபடியே இறுக்கித்தான் கழுவினேன். (புதுச்சேரி)

தளர்த்தினீர்களா?