பறைச் சத்தத்தில் குரல் அமிழ்ந்துவிடுகிறது. பதிவான ஒலிகளைக் கலக்கும் மிக்சிங்கில் என்ன செய்வது?

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்காக முல்லைத்தீவில், வீட்டிலேயே பதிவு செய்த பாடல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குரலைக் கூட்டினால் பாடலே கரகரக்கிறது என்கிறீர்கள்.

குரலைக் கூட்டாதீர்கள், மற்றவற்றைக் குறையுங்கள். எல்லாத் தடங்களின் (தனித்தனியே பதிவான குரல், கருவிகளின்) ஒலியளவையும் இறக்கிவிட்டு, குரலை முதலில் ஏற்றி, அதைச் சுற்றி மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். மென்பொருளின் ஒலி அளவுகோலில் 0 தான் எல்லை, அதைத் தாண்டினால் கரகரக்கும்; ஆகவே மொத்த ஒலியின் உச்சம் -6 டெசிபெல்லைத் தாண்டவிடாதீர்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டியது, ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில்தான். குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். வன்னி வெக்கையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாட யாருக்கு மனம் வரும்? அதன் உறுமலில் ஒரு பகுதி அங்கே படிந்திருக்கும். அடுத்து, பறையில் குச்சி விழும் 'சட்' ஓசையும் பாடும் சொல்லைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஓசைகளும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை மோதிக்கொள்கின்றன. பறையில் அந்த இடத்தை மட்டும் 3 டெசிபெல் குறைத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பறையின் விறுவிறுப்பு குறையாமலே சொல் மேலெழுந்து வருவது கேட்கும்.

ஆர்மோனியத்தைச் சற்று இடப்பக்கமும் தாளத்தை வலப்பக்கமும் நகர்த்துங்கள். ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) வேண்டாம், தகரக் கூரை அறையே போதிய எதிரொலியைத் தந்திருக்கும்.

பாடல் ஒலிக்கப்போவது கூம்பு ஒலிபெருக்கியில் என்றால், அதில் இடம் வலம் கிடையாது, தாழ்ந்த ஒலியும் சரியாக வராது. ஆகவே இடம் வலம் பிரியாத ஒரே ஒலியாக, அதாவது மோனோவாக மாற்றி, கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேளுங்கள். அங்கேயும் அம்மன் பெயர் தெளிவாகக் கேட்டால் கோப்பைக் கோயிலுக்கு அனுப்பலாம்.