மஹிந்திரா தார் வண்டியை 2 அங்குலம் உயர்த்தினேன். ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, பள்ளத்தில் சத்தம் வருகிறது. ஏன்? (கடலூர்)

ஸ்டீயரிங் கோணலுக்கு அலைன்மென்ட்தான் (சக்கரங்கள் நிற்கும் கோண அமைப்பு) முதல் சந்தேகம். 2020-க்குப் பிந்தைய தாரில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். உயர்த்தினால் கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்), டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) இரண்டும் மாறிவிடும்; சரிசெய்யாமல் ஓட்டினால் டயர் ஓரம் தேயும்.

சத்தத்துக்கு புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) போல்ட்டுகளைப் பாருங்கள். பல பட்டறைகளில் கோட்டைவிடும் இடம் இது. வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். இறக்கியதும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் மேலே ஏற, உள்ளே ரப்பர் பிழிந்த துணி மாதிரி முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். லேசாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பானெட்டை நாலு தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) இழுபடுகிறதா என்றும் பாருங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது. ஆக்ஸில் பூட்டில் (ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிரீஸ் கசிந்தால் உயரத்தைக் குறைப்பதே நல்லது.

தேவனாம்பட்டினம் மணலில் ஓட்டுவீர்கள் என்றால், வந்தவுடன் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு ஏறிய போல்ட்டை அடுத்த முறை கழற்றுவது பெரும்பாடு. ஹெட்லைட்டையும் கொஞ்சம் தாழ்த்துங்கள், எதிரே வருபவர் கண் கூசும்.