கதை யாருக்கு?

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகுகிறேன். மெதுவாகப் போகிறது என்கிறார் கணவர். இன்னும் பூடகமாக எழுது என்கிறாள், கதை எழுதும் தோழி. பக்கத்து வீட்டுக்காரர்கள், கதையில் வரும் இருவரையும் கடைசியில் சேர்த்து வைத்திருக்கலாமே என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்டுத் திருத்துவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்தக் கதை யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த மூவரில் யாருக்கும் இல்லையென்றாலும் சரிதான், வேறொருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம்தான் கருத்துக் கேட்பதெல்லாம்.

1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'கடற்பறவை' நாடகம் முதன்முதலாக மேடையேறியது. லெவ்கேயேவா என்ற நகைச்சுவை நடிகையைக் கௌரவிக்கும் இரவு அது. அவருடைய ரசிகர்கள் சிரிப்பதற்கென்றே வந்திருந்தார்கள். அவருக்கோ அந்த நாடகத்தில் வேஷமே இல்லை. உருக்கமான இடங்களில் கூச்சலும் கேலிச் சிரிப்புமாக ஒரே அமளி. இனி நாடகமே எழுதுவதில்லை என்று மனம் நொந்து போனார் செகாவ். ஆனால் அடுத்தடுத்த காட்சிகளுக்கு வேறு கூட்டம் வந்தது, ரசித்தது. 1898 டிசம்பரில் மாஸ்கோ கலை அரங்கம் அதே நாடகத்தைப் போட்டபோது பெரிய வெற்றி. அந்த அரங்கத்தின் சின்னமே கடற்பறவைதான்.

அதே செகாவ், தக்க ஆள் சொன்னபோது கேட்டுக்கொண்டவர். 1886-இல் கிரிகரோவிச் என்ற மூத்த எழுத்தாளர், உனக்குப் பெரிய திறமை இருக்கிறது, அவசரமாக எழுதி வீணாக்காதே என்று கடிதம் போட்டார். ஒரு நாளுக்கு மேல் எந்தக் கதைக்கும் செலவழித்ததாக நினைவில்லை என்று செகாவ் பதில் எழுதினார். அதன்பிறகு அவர் எழுத்தில் நிதானம் கூடியது.

நான் எழுதி முடித்ததும் தாள்களோடு ஒரு பென்சிலையும் என் சின்னம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கதைப் புத்தகம் இல்லாமல் தூங்கப் போகாதவர் அவர். அலுப்புத் தட்டுகிற இடத்தில் ஒரு கோடு, திரும்பப் படிக்க வேண்டியிருந்த இடத்தில் ஒரு சுழி, அவ்வளவுதான் அவர் போட வேண்டியது. காரணம் கேட்க மாட்டேன். எப்படித் திருத்துவது என்றும் கேட்க மாட்டேன், அது என் வேலை. சுழி விழுந்த வரியில் பெரும்பாலும் கோளாறு இருக்காது, அதற்கு முந்தின பத்தியில் இருக்கும். அடுப்படியில் நாலு பெண்கள் பேசும் காட்சி என்றால், எந்த 'அவள்' யார் என்று அங்கேயே பிரிந்திருக்காது. பத்து வரி கழித்துப் படிப்பவர் தடுமாறுவார்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பது வேறொரு கதை, நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். தோழி சொல்வது, தான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்பதை. கணவர் கதைகளை விரும்பிப் படிக்கிறவர் என்றால் அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் மெதுவாகப் போகிறது என்று பென்சிலைக் கொடுத்துக் கேளுங்கள். அவர் காட்டும் பக்கத்தை விட்டு, அதற்கு முந்தின பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.