வாத்துத் துப்பாக்கியும் மான் வேட்டையும்: ஸ்லக் தேர்வு பற்றி ஒரு விளக்கம்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமமும் பெற்றுவிட்டேன். வாத்து வேட்டைக்காக வாங்கிய 12 போர் (குழலின் அகல அளவு) பம்ப் ஷாட்கன் ஒன்று என்னிடம் இருக்கிறது. 28 அங்குலக் குழல், உள்பக்கம் வழவழப்பானது, நுனியில் குறிபார்க்க ஒரு மணி மட்டுமே உண்டு. நண்பர் கொடுத்த இரண்டு பெட்டி சேபோ ஸ்லக்கில் (சிதறும் சிறு குண்டுகளுக்குப் பதில் ஒற்றைக் குண்டு உள்ள தோட்டா) ஐந்தை 50 கஜத்தில் சுட்டுப் பார்த்தேன். இரண்டுதான் தாளில் பட்டன. அதிலும் ஒன்று பக்கவாட்டில் நீளமாகக் கிழித்திருந்தது. மானுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அந்த நீளமான கிழிசலைப் பார்த்தவுடனேயே காரணம் தெரிந்துவிடுகிறது. நேராகச் சென்ற தோட்டா வட்டமான துளையிடும். உங்களுடையது குறுக்காகப் புரண்டுகொண்டே போயிருக்கிறது. துப்பாக்கியிலும் குறையில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. தோட்டாவும் குழலும்தான் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

சேபோ ஸ்லக் என்பது குழலின் அகலத்தைவிடச் சிறிய ஒரு குண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் செய்தது. குழலின் உள்சுவரில் வெட்டப்பட்டிருக்கும் திருகுப் பள்ளங்களை அந்த உறை பற்றிக்கொண்டு சுழலும். வெளியே வந்ததும் உறை கழன்று விழ, குண்டு அந்தச் சுழற்சியின் பலத்தில் நேராகப் பறக்கும். வழவழப்பான குழலில் பற்றிக்கொள்ளப் பள்ளமே இல்லாததால் சுழற்சி கிடைப்பதில்லை, குண்டு நிலைதடுமாறிப் புரள்கிறது. உங்கள் குழலுக்கு ஏற்றது ஃபாஸ்டர் வகை ஸ்லக். 1931-இல் கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் வடிவமைத்த இதில் முன்பக்கம் கனமான ஈயமாகவும் பின்பக்கம் குடைந்து வெற்றிடமாகவும் இருக்கும். இறகுப்பந்து எப்படித் தூக்கியெறிந்தாலும் தக்கைப் பக்கம் முன்னால் திரும்பிக்கொள்கிறதோ, அதே போல இதுவும் மூக்கை முன்னால் வைத்தே பறக்கும். இதற்கும் முன்பே, 1898-இல், ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரென்னக்கே உருவாக்கிய வகையில் அடிப்பகுதியோடு ஒரு வாட் (அடைப்புத் துண்டு) இணைந்தே இருக்கும். வழவழப்பான குழலுக்கு அதுவும் நல்ல தேர்வு.

கடையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஃபாஸ்டர் வகைப் பெட்டிகளின் மேல் பெரும்பாலும் ‘ரைஃபிள்ட் ஸ்லக்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, இது ரைஃபிள்ட் (திருகுப் பள்ளம் வெட்டிய) குழலுக்கானது போலும் என்று விலக்கிவைத்து, விலை கூடிய சேபோ பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்லக்கின் பக்கவாட்டில் தெரியும் சாய்வரிகளைக் குறித்த பெயர் அது. அந்த வரிகள் ஸ்லக்கைச் சொல்லிக்கொள்ளும்படி சுழற்றுவதில்லை. ஈயம் நசுங்கி, குழல் நுனியைக் குறுக்கும் சோக்கைக் கடந்து போக வழிவிடுவதே அவற்றின் வேலை. பெயர் எப்படியிருந்தாலும் அது வழவழப்பான குழலுக்கு உரியது. திருகுக் குழலில் அதைச் சுட்டால் பள்ளங்களில் ஈயம் அப்பிக்கொள்ளும். துலக்கி எடுப்பது பெரும்பாடு.

ஆகவே, இப்போதைக்குப் புதிய துப்பாக்கி தேவையில்லை. வாத்துக்காகப் பொருத்திய இறுக்கமான சோக்கைக் கழற்றிவிட்டு, ‘இம்ப்ரூவ்ட் சிலிண்டர்’ சோக்கைப் போடுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களின் ஃபாஸ்டர் ஸ்லக்கில் ஐந்து தோட்டா கொண்ட பெட்டி ஒவ்வொன்று வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரே மாதிரித் துப்பாக்கி இரண்டு இருந்தாலும் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றதற்குப் பிடிப்பதில்லை. அதைத் தாள்தான் சொல்ல வேண்டும். குழலின் மேல் பொறித்திருக்கும் அறை நீளத்தையும் (தோட்டா உட்காரும் இடத்தின் அளவு) பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டே முக்கால் அங்குலம் என்று இருந்தால் மூன்று அங்குலத் தோட்டாவை உள்ளே வைக்கக் கூடாது.

அடுத்தது குறிபார்க்கும் ஏற்பாடு. மணி மட்டும் போதாது. பறக்கும் வாத்தைத் தொடர்ந்து வீசிச் சுடுவதற்கு அது சரி. நின்றிருக்கும் மானின் முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால், நுரையீரல் இருக்கும் இடத்தில் ஒற்றைக் குண்டை வைப்பதற்குச் சரியாகாது. நியூ ஜெர்சியில் ஸ்லக்கால் மான் வேட்டையாடுபவரின் துப்பாக்கியில் சரிசெய்யக்கூடிய இரும்புக் குறியோ, பீப் குறியோ (சிறு துளை வழியே பார்ப்பது), ஸ்கோப்போ (தொலைநோக்கிக் குறி) இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது என்பதும் அப்படியே. ஆகவே 24 அங்குல அளவில் குறியோடு வரும் ஸ்லக் குழல் ஒன்றை உங்கள் துப்பாக்கிக்கென்றே தனியாக வாங்குவது, என் கணிப்பில், செலவுக்கேற்ற பலன் தரும் வழி. ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்ற பம்ப் துப்பாக்கிகளில் குழலை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். வாத்துப் பருவம் வந்தால் பழைய குழலை மாட்டிக்கொள்ளலாம்.

அந்தக் குழலைத் திருகு வெட்டியதாகவே வாங்கினால் சேபோ ஸ்லக்கும் சுடலாம். ஸ்கோப் வைப்பதாக இருந்தால், ஸ்கோப்பைத் தாங்கும் தகடு குழலோடு பற்றவைக்கப்பட்டுப் பின்னோக்கி நீண்டிருக்கும் ‘கேன்டிலீவர்’ அமைப்பைக் கேளுங்கள். கழற்றி மாட்டும் குழல் எவ்வளவு இறுக்கினாலும் இம்மியளவு ஆடத்தான் செய்யும். ஸ்கோப் துப்பாக்கியின் உடலில் இருந்து, குழல் மட்டும் ஆடினால், நேற்று வைத்த குறி இன்று தவறும். இந்த அமைப்பில் இரண்டும் சேர்ந்தே நகரும்.

எப்போது தனித் துப்பாக்கி தேவைப்படும்? அடர்ந்த ஓக் காட்டில் மான் பெரும்பாலும் 75 கஜத்துக்குள்ளேயே கண்ணில் படும். அதற்கு ஃபாஸ்டர் ஸ்லக் தாராளம். அறுவடை முடிந்த சோள வயலின் ஓரத்தில் அமர்ந்து 125 கஜத்தில் சுட வேண்டியிருந்தால், குழல் அசையாமல் பொருத்தப்பட்ட போல்ட் வகைத் துப்பாக்கியே (தாழ்ப்பாள் போன்ற கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) சிறந்தது. எனக்குப் பிடித்தது 20 போரில் வரும் சாவேஜ் 220. 12 போர் ஸ்லக் தோளில் கொடுக்கும் உதை, வழக்கமான .30-06 ரைஃபிளையும் மிஞ்சும். அதற்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுப்பவரின் குறி தவறாமல் இருக்காது. வெள்ளைவால் மானுக்கு 20 போர் சேபோ போதுமானது. ஆனால் 20 போர் வாங்கினால், அந்தத் தோட்டாக்களும் 12 போர் தோட்டாக்களும் ஒரே பையில் சேரவே கூடாது. எண் கூடக்கூட அகலம் குறையும் என்பதால், 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் இன்னொன்றை வைத்துச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான்.

நம்மவர்களுக்காக இடையில் ஒரு குறிப்பு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும் என்பதை மறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

குறி சரிசெய்ய, மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து 50 கஜத்தில் தொடங்குங்கள். மூன்று சுட்டுவிட்டுக் குழல் ஆறும்வரை காத்திருங்கள். காட்டில் நீங்கள் சுடப்போகும் முதல் தோட்டா குளிர்ந்த குழலிலிருந்துதான் புறப்படும். மூன்றும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தால் போதும். 50 கஜத்துக்குக் குறி வைத்த ஒரு அவுன்ஸ் ஃபாஸ்டர் ஸ்லக் 100 கஜத்தில் ஏறக்குறைய ஐந்து அங்குலம் தாழ்ந்துவிடும் என்பதால், அந்தத் தூரத்திலும் ஒருமுறை சுட்டுப் பார்த்து, உங்கள் எல்லையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் கொடுத்த பெட்டிகளில் மீதமிருப்பதை வழவழப்பான குழலில் வீணாக்க வேண்டாம். திருகுக் குழல் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சேபோ ஸ்லக் விலை கூடியது என்பதால் அவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்.