ஜெல்லில் சுத்தமாக இருக்கும் டியூபுலின் ஏன் இழையாகவில்லை?

நுண்குழல் எனும் இழையாகச் சேரும் புரதமான டியூபுலினை ஜெல்லில் ஓட்டினால் 55 கிலோடால்டன் பக்கம் ஒரே பட்டை, ஆனால் 37 டிகிரியில் 340 நானோமீட்டர் ஒளியில் கலங்கலைக் காட்டும் அளவீடு ஏறவே இல்லை என்கிறீர்கள். அந்தப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். ஜெல்லுக்குச் சேர்க்கும் சோப்பு போன்ற எஸ்டிஎஸ் எல்லாப் புரதத்தையும் குலைத்துவிடுவதால், உயிர்ப்புள்ள டியூபுலினும் செத்த டியூபுலினும் ஜெல்லில் ஒன்றுபோலவே ஓடும்.

எனக்குச் சந்தேகம் உறைந்த டியூபுலினை உருக்கும் கட்டத்தில்தான். கைச்சூட்டில் வேகமாக உருக்கி, உடனே ஐஸில் வையுங்கள். அப்புறம் 4 டிகிரியில் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் (மிக வேகச் சுழற்றியில்) சுற்றித் திரட்டுகளை, அதாவது கெட்டுக் கட்டியான புரதத்தை, நீக்கிவிட்டு, அதன் பிறகு செறிவை அளவிடுங்கள். பலர் முன்பே அளந்துவிடுகிறார்கள். செத்த புரதமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. செறிவு குறைந்தால் இழை தானாகத் தொடங்காது. மில்லிலிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம், இழை சேரத் தேவையான புது ஜிடிபி (GTP; GDP அல்ல) 1 மில்லிமோலார், கொஞ்சம் கிளிசரால் வைத்துப் பாருங்கள். பஃபரில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ இருக்கட்டும், கால்சியம் இழையைக் கலைத்துவிடும்.

அளவீடு ஏறினாலும் உடனே மகிழ வேண்டாம், வெறும் திரட்டும் கலங்கலாகத்தான் தெரியும். குழாயை ஐஸில் வையுங்கள்: நுண்குழல் என்றால் அளவீடு இறங்கும், திரட்டு அப்படியே நிற்கும். நுண்குழலைக் குளிரிலும் கலையவிடாத டாக்ஸால் மருந்தைச் சேர்த்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது.

மீதியைச் சிறு பங்குகளாகத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80-இல் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.