பழைய டேட்டாவை அழித்த பிறகும் டேட்டாபேஸ் ஃபைலின் அளவு குறையவில்லையே, ஏன்? எப்படிக் குறைப்பது?

நீங்கள் எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) வைத்திருக்கிறீர்கள், டிஸ்க் நிறையப் போகிறது, யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சும்மா இருக்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

டெலீட் செய்தால் ஃபைல் சுருங்காது. டேட்டா 8 கேபி பக்கங்களில் இருக்கிறது. வரிகள் போனதும் காலியான பக்கங்களை டேட்டாபேஸ் அடுத்த டேட்டாவுக்காகத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். துணியை எடுத்ததற்காக பீரோ சிறிதாகிவிடாது, அவ்வளவுதான்.

இது தெரியாமல் நான் ஒருமுறை பல வருடப் பதிவுகளை ஒரே டெலீட் கட்டளையில் அழிக்கப் போனேன். மிச்சமிருந்த இடமும் போய்விட்டது! அழிக்கும் ஒவ்வொரு வரியும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் எழுதப்படும். டிரான்ஸாக்‌ஷன் (அந்த முழு டெலீட் வேலை) முடியும்வரை அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த முடியாது. லாக் நிறைந்து 9002 பிழை வந்தது. அழித்ததெல்லாம் ரோல்பேக் ஆகி, அதாவது பழைய நிலைக்கே திரும்பி, முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் ஃபைல்களைத் தனித்தனியாகப் பார்க்கத் தோன்றியது. டேட்டா ஃபைலைவிட லாக் ஃபைல் பல மடங்கு பெரிது. டேட்டாபேஸ்களின் நிலையைக் காட்டும் சிஸ்.டேட்டாபேசஸில், லாக் இடம் எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும் லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்ற பத்தியில் ‘லாக் பேக்கப்’ என்று இருந்தது. அதாவது, ரெகவரி மாடல் ஃபுல்; இதில் லாக் பேக்கப் எடுத்தால்தான் லாக்கில் இடம் விடுபடும். ஆனால் லாக் பேக்கப் ஒருநாள்கூட எடுக்கப்படவில்லை. தினமும் ஃபுல் பேக்கப் (டேட்டாபேஸ் முழுவதின் நகல்) எடுத்தார்கள், ஆனால் அது லாக்கைக் காலி செய்யாது. வேறு டிஸ்க்குக்கு லாக் பேக்கப் எடுத்து, ஃபைலைச் சுருக்கும் ஷ்ரிங்க்ஃபைல் கட்டளையைக் கொடுத்தேன். முதல் தடவை அசையவில்லை. இன்னொரு லாக் பேக்கப்புக்குப் பிறகுதான் இறங்கியது. பழைய பதிவுகளைப் பிற்பாடு சில ஆயிரம் வரிகளாகப் பிரித்து, நடுநடுவே லாக் பேக்கப் எடுத்து அழித்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் டேட்டா ஃபைலையும் சுருக்கினேன். ஷ்ரிங்க், ஃபைலின் கடைசியில் இருக்கும் பக்கங்களைத் தூக்கி முன்னால் கிடைத்த இடத்தில் போடும். டேட்டாவை வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் எல்லாம் கலைந்து ரிப்போர்ட்டுகள் ஆமை வேகத்துக்கு வந்தன. இண்டெக்ஸை ரீபில்ட் செய்தேன், அதற்கு இடம் வேண்டுமென்று ஃபைல் மறுபடி வளர்ந்தது.

‘ஷ்ரிங்க்கே செய்யக்கூடாது’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். தெரியும் ஐயா. நிறைய அழித்துவிட்டீர்கள், அந்த அளவு டேட்டா இனி வராது என்றால் ஒருமுறை செய்வதில் தப்பில்லை. தினமும் ராத்திரி ஜாப் போட்டுச் செய்வதும் தானாகவே சுருக்கும் ஆட்டோ ஷ்ரிங்க்கை ஆன் செய்து வைப்பதும்தான் தப்பு. லாக் பேக்கப்பே தேவையில்லாத டெஸ்ட் டேட்டாபேஸ் என்றால் ரெகவரி மாடலை சிம்பிளாக்கிவிடுங்கள்.

சம்பவ அறிக்கையில் காரணம் ‘மனிதத் தவறு’ என்று என் பெயரோடு போட்டார்கள். டெலீட் கொடுத்தது நான்தான், சரி. எனக்குக் கொடுத்த ஒப்படைப்புக் குறிப்பில் ‘பேக்கப் முறையாக நடக்கிறது’ என்று எழுதியவர் அதற்குள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு பிரிவுக்குப் போய்விட்டார்.